டிரிம்மும் கர்வும்

அன்புள்ள செல்வா,

பதில் போடவில்லை என்று நீ திட்டி முடித்திருப்பாய். மிச்சம் இருந்தால் நேரில் வாங்கிக்கொள்கிறேன். இங்கே எல்லோரும் சுகம். அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம்.

இனி உன் ஹியூயி, டிசிஎஸ் விமான விளையாட்டில் நீ ஓட்டும் ஹெலிகாப்டர். டிரிம் பட்டனை (ஸ்டிக் நிற்கும் இடத்தையே புது மையமாக்குவது) விட்டதும் மோட்டார் வைத்த ஸ்டிக் நடுவை நோக்கி வெடுக்கென்று இழுக்கிறது, மோட்டார் போச்சு என்று புலம்பியிருக்கிறாய். மோட்டார் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறதடா. குற்றவாளி நீ போட்டு வைத்திருக்கும் கர்வ், அதாவது ஸ்டிக்கின் நகர்வை வளைத்து ஹெலிகாப்டருக்கு அனுப்பும் அமைப்பு. பாஸ்கி பேச்சைக் கேட்டு இதற்காக ஸ்பிரிங்கை (ஸ்டிக்கை மையத்துக்கு இழுக்கும் மோட்டார் விசை) கூட்டாதே, எல்லா நோய்க்கும் அவனிடம் அந்த ஒரு மருந்துதான்.

கணக்கைப் பார். ஸ்டிக் நகர்வின் 0.7 மடங்கு, அதன் கனத்தின் (மூன்று முறை தன்னோடு பெருக்கியதன்) 0.3 மடங்கு, இரண்டையும் கூட்டியது உன் கர்வ் என்று வை. ஸ்டிக்கை முன்னால் 51 சதவீதம் தள்ளிப் பிடிக்கிறாய். ஹெலிகாப்டருக்குப் போய்ச் சேர்வது 40. பட்டனை விட்டதும் அந்த 40 அப்படியே ஸ்பிரிங்கின் புது மையமாக பேஸுக்கு, ஸ்டிக்கின் அடியில் உள்ள மோட்டார் பெட்டிக்கு, போகிறது. ஸ்டிக் 51-இலிருந்து 40-க்கு வருகிறது, அங்கே கர்வ் கொடுப்பதோ 30. மூக்கு நிமிர்கிறது. பதறிப்போய் அங்கேயே மறுபடி அழுத்தி விட்டால் மையம் 30, போவது 22. இப்படியே நடுவுக்கு நகர்ந்துவிடும்.

டெட்ஸோன், அதாவது ஸ்டிக் அசைந்தாலும் 0 மட்டுமே போகும் நடுப் பட்டை, இன்னும் மோசம். டிரிம் செய்தால் மையம் நகர்கிறது, டெட்ஸோன் பழைய நடுவிலேயே உட்கார்ந்திருக்கிறது. அதைக் கடக்கும்போதெல்லாம் கட்டுப்பாடு செத்துப் பிழைக்கும்.

ஆகவே விளையாட்டின் ஆக்சிஸ் டியூன் பக்கத்தில் பிட்ச் (முன்-பின்), ரோல் (இடம்-வலம்) இரண்டுக்கும் டெட்ஸோன் 0, கர்வேச்சர் 0, சாச்சுரேஷன் எக்ஸ், ஒய் இரண்டும் 100. பெடலிலும் கலெக்டிவிலும் (ஏற்றி இறக்கும் நெம்புகோல்) மோட்டார் இல்லையே, அங்கே உன் இஷ்டம். எஃப்-16-க்கும் கர்வ் இருக்கட்டும், அதில் டிரிம் செய்தால் ஸ்டிக் நகர்வதில்லை.

“அப்போ ஸ்டிக் துள்ளுமே” என்பாய். துள்ளலை விசையால் அடக்கு. பேஸ் மென்பொருளில் ஸ்பிரிங்கைக் கொஞ்சம் கூட்டு (இந்த ஒரு இடத்தில் பாஸ்கி சொன்னது சரி, அவனிடம் சொல்லாதே), ஆட்டத்தைத் தணிக்கும் டேம்பரைத் துளி சேர். நீட்டிப்புக் குழாய் போட்டால் இன்னும் நல்லது. கைப்பிடி அச்சிலிருந்து இரு மடங்கு உயர்ந்தால் அதே கோணத்துக்குக் கை இரு மடங்கு தூரம் போகும். கையில் படும் விசை பாதியாகும், அதைக் கெயினில் (மொத்த விசையின் அளவு) ஈடுகட்டு.

கர்வ் இருந்தே தீர வேண்டும் என்றால், மையத்தை அனுப்புமுன் யாராவது 40-ஐத் திரும்ப 51 ஆக்க வேண்டும். உன் பேஸ் மென்பொருள் அச்சோடு மையத்தையும் சேர்த்து மாற்றினால் ஒழிய அந்த வழியில் போகாதே. டெட்ஸோனுக்கு அந்த வழியும் கிடையாது. ஒரு பட்டை முழுக்க 0 என்றால் திரும்பி எந்தப் புள்ளிக்குப் போவது?

சோதனை சுலபம். வலது கண்ட்ரோலும் எண்டரும் அழுத்திக் கட்டுப்பாட்டுப் படத்தை வரவழை. ஸ்டிக்கை ஓரிடத்தில் பிடித்து டிரிம் செய், கையை எடு. புள்ளி அசையக் கூடாது. கை எடுத்ததும் ஸ்டிக் ஊசலாடினால் டேம்பர் போதவில்லை. பாஸ்கியின் பழைய சைட்வைண்டர் 2 ஸ்டிக்கில் பார்த்தால் கைப்பிடி சென்சாரை டேப் ஒட்டி மறை, இல்லையேல் கை விலகியதும் விசையே நின்றுவிடும். ஸ்டிக் நேர் எதிர்த்திசையில் ஓடினால் அது கர்வ் பிரச்சினை அல்ல, எஃப்எஃப் டியூனில் (விசை அமைப்புப் பக்கம்) அந்த அச்சைத் தலைகீழாக்கு.

பார்த்துவிட்டு உடனே எழுது. உன் அளவுக்கு நான் திட்டமாட்டேன்.

அன்புடன்,
ரகு