நிறுத்தும் வழி இல்லாமல் எஞ்சினைக் கிளப்பாதீர்கள்: டெல்டா கல்லூரிகளின் மாதிரி விமானக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

திருச்சி முதல் நாகப்பட்டினம் வரையுள்ள பொறியியல், பாலிடெக்னிக் கல்லூரிகளின் துறைத் தலைவர்களுக்கும், பொறுப்பாசிரியர்களுக்கும், விமானம் கட்டும் தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

மின்மோட்டாரில் பறக்கவிட்டுப் பழகியவர்கள் 20 சிசி, 30 சிசி பெட்ரோல் எஞ்சினுக்கு மாறும்போது பழைய பழக்கமும் கூடவே வந்துவிடுகிறது. மின்மோட்டாரில் த்ராட்டிலை (வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் கட்டுப்பாடு) இறக்கினால் விசிறி நின்றுவிடும். பெட்ரோல் எஞ்சின் நிற்காது, ஐட்லிங்கில், அதாவது மிகக் குறைந்த வேகத்தில், ஓடிக்கொண்டே இருக்கும். அதை நிறுத்தத் தீப்பொறியை அறுக்க வேண்டும், இல்லையேல் சோக்கை (கார்புரேட்டருக்குள் காற்று போகும் வழியை அடைக்கும் தகடு) மூட வேண்டும். 18 அங்குல ப்ரொப்பெல்லர் நிமிடத்துக்கு 7,000 சுற்று சுற்றும்போது அதன் நுனி மணிக்கு 600 கி.மீ. வேகத்தில் போகிறது. அதற்கு அருகே கைநீட்டிச் சோக்கை மூடப் போவதை யாரும் ஒரு திட்டமாக வைத்துக்கொள்ள முடியாது. ஆகவே, நிறுத்தும் வழிகள் மூன்றையும் சரிபார்த்த பிறகே எஞ்சினைக் கிளப்புங்கள் என்று கேட்டுக்கொள்கிறோம்.

முதலாவது, தீப்பொறியை உண்டாக்கும் சிடிஐ இக்னிஷன் பெட்டிக்குத் தனி பேட்டரியும், விமானத்தின் வெளிப்புறத்தில், ப்ரொப்பெல்லருக்குப் பின்னால் கை எட்டும் இடத்தில் ஒரு சுவிட்சும். இரண்டாவது, ரிமோட்டின் சிக்னலை விமானத்தில் வாங்கும் ரிசீவரின் ஒரு சேனலில் பொருத்திய கில் சுவிட்ச். ரிமோட்டிலிருந்தே தீப்பொறியை அறுப்பது இது. மூன்றாவது, சிக்னல் அறுந்தால் தானே இக்னிஷனை நிறுத்தி த்ராட்டிலையும் இறக்கும்படி வைத்த ஃபெயில்சேஃப். எஞ்சின் ஓடாத நிலையில் இக்னிஷனை ஆன் செய்து, ரிமோட்டை அணைத்துப் பாருங்கள். கில் சுவிட்சின் விளக்கு அணைய வேண்டும். பிறகு விமானத்தைக் கட்டிவைத்து, ஐட்லிங்கில் ஓடும்போதும் அதே சோதனையைச் செய்யுங்கள். எஞ்சின் நிற்கவில்லை என்றால் அன்றைக்குப் பறப்பதில்லை. இதில் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

இக்னிஷன் பெட்டியும் அதன் ஒயர்களும் ரிசீவரிலிருந்து 30 செ.மீ. தள்ளியிருக்கட்டும். த்ராட்டிலை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோவுக்கும் கார்புரேட்டருக்கும் நடுவே உலோகக் கம்பி வேண்டாம், நைலான் கம்பி போடுங்கள். உலோகம் தீப்பொறியின் இரைச்சலை ரிசீவர் வரை கொண்டுவந்துவிடும். பிளக் மூடி முழுதாக அமராவிட்டாலும் அதே இரைச்சல்தான். மூடியைக் கழற்றிவிட்டு இக்னிஷன் ஆனில் ப்ரொப்பெல்லரைச் சுற்றினால், வெளியே போக வழியில்லாத மின்னழுத்தம் சிடிஐ பெட்டியையே எரித்துவிடும்.

எரிபொருள் விஷயத்தில் நம் ஊருக்கென்று சில சிக்கல்கள் உண்டு. பங்கில் கிடைக்கும் இ20 பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். எத்தனால் ஈரத்தை இழுக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் டெல்டாக் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை. தாங்கும் அளவைத் தாண்டித் தண்ணீர் சேர்ந்தால், தண்ணீரும் எத்தனாலும் பிரிந்து அடியில் தங்கும். எஞ்சின் தேயாமலிருக்கப் பெட்ரோலில் கலக்கும் ஆயில் மேலே பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கின் உறிஞ்சுகுழாய் கிடப்பதோ அடியில். முதலில் எஞ்சினுக்குள் போவது ஆயில் இல்லாத கலவை, அடுத்து பிஸ்டன் ஜாம். அதனால் அன்றன்றைக்கு வேண்டியதை மட்டும் கலக்குங்கள். மாலையில் டேங்கை வடித்துவிட்டு, கார்புரேட்டரில் மிச்சமிருப்பது தீர்ந்து எஞ்சின் தானே நிற்கும்வரை ஐட்லிங்கில் ஓடவிடுங்கள்.

கலவை பெட்ரோல் 30-க்கு ஆயில் 1, அதாவது லிட்டருக்கு 33 மி.லி. 2டி (டூ-ஸ்ட்ரோக்) ஆயில். பழைய ஸ்கூட்டர் கணக்கில் லிட்டருக்கு 20 மி.லி. ஊற்றினால் அது 50:1. புது எஞ்சினுக்குப் போதாது. காற்றில் குளிரும் எஞ்சினுக்கான ஆயிலாக, ஜாசோ எஃப்டி என்ற ஜப்பானியத் தரக்குறி பார்த்து வாங்குங்கள். கடலோர ஊர்களில் படகு அவுட்போர்டு மோட்டாருக்கான ஆயில் எளிதாகக் கிடைக்கும். அது தண்ணீரில் குளிரும் எஞ்சினுக்கானது, இந்தச் சூட்டைத் தாங்காது. மெத்தனால் எஞ்சினுக்குப் போட்ட சிலிகான் குழாயையும் டேங்க் மூடியையும் அப்படியே பயன்படுத்தாதீர்கள். பெட்ரோல் பட்டால் சிலிகான் ஊதிக் கழன்றுவிடும். பெட்ரோலைத் தாங்கும் டைகான் குழாயும், பெட்ரோலுக்கென்றே விற்கும் கருப்பு ரப்பர் மூடியும் வேண்டும்.

கார்புரேட்டர் பிரஷ் கட்டரில் இருக்கும் அதே டயாப்ரம் (மெல்லிய சவ்வு) வகைதான். டயாப்ரம் விறைத்துப்போனால் பிரஷ் கட்டர் பழுது பார்க்கும் பட்டறைக்காரரே மாற்றித் தருவார். எல் (குறைந்த வேகத்துக்கு), எச் (முழு வேகத்துக்கு) என்று இரண்டு ஸ்க்ரூ இருக்கும். மெதுவாக இறுதிவரை மூடி (அழுத்தி முறுக்கினால் ஊசி அமரும் இடம் கெடும்), கையேட்டில் சொன்ன அளவு திறங்கள். பெரும்பாலும் ஒன்றேகால் முதல் ஒன்றேமுக்கால் சுற்றுக்குள் இருக்கும். எத்தனால் இல்லாத பெட்ரோலுக்கு வைத்த அளவில் இ20 ஊற்றினால் கலவை மெலிந்துவிடும், அதாவது காற்றுக்கு ஏற்ற எரிபொருள் போதாது, எஞ்சின் கொதிக்கும். அரைக்கால் சுற்று கூடுதலாகத் திறந்து தொடங்குங்கள். த்ராட்டிலைத் தூக்கியதும் எஞ்சின் திணறி அடங்கினால் எல் மெலிவு. முழு வேகத்தில் மூக்கை உயர்த்திப் பிடிக்கையில் சுற்று குறைந்தால் எச் மெலிவு. சித்திரை மதியத்தில் சரிசெய்த அளவு மார்கழிக் காலையில் மெலிவாகிவிடும், குளிர்ந்த காற்று அடர்த்தியானது. பழகும்வரை, ஸ்க்ரூவைத் தொடுமுன் ஒவ்வொரு முறையும் எஞ்சினை நிறுத்துங்கள்.

மரப் ப்ரொப்பெல்லர் மழைக்காலத்தில் ஊதும், பங்குனி வெயிலில் சுருங்கும். சுருங்கினால் போல்ட்டின் பிடி தளரும். ஆகவே ஒவ்வொரு பறக்கும் நாள் காலையிலும், புதிதாகப் பொருத்தினால் முதல் ஓட்டத்துக்குப் பிறகும், எல்லா போல்ட்டையும் எதிரெதிராக முறுக்கிப் பாருங்கள். ப்ரொப்பெல்லரில் போல்ட் துளைகளைத் துளை வழிகாட்டி வைத்தே போடுங்கள். நுனி சிதைந்ததை ஒட்டி மறுபடி போடாதீர்கள், இரண்டாக உடைத்துக் குப்பையில் போடுங்கள்.

கிளப்பும் முறை இது. விமானத்தின் வால் இறக்கைக்கு முன்னால் உடலைச் சுற்றிக் கயிறு கட்டி, பின்னால் முளையில் பிணையுங்கள். 30 சிசி எஞ்சின் ஏழெட்டு கிலோ விசையோடு இழுக்கும். மழை நனைத்த வண்டல் மண்ணில் ஒரு முளை பிடுங்கிக்கொள்ளும், இரண்டு வேண்டும். ஒருவர் விமானத்தைப் பிடித்திருக்க, இன்னொருவர் ரிமோட்டில் கில் சுவிட்ச் மேலேயே விரலை வைத்திருக்கட்டும். இக்னிஷன் ஆஃப், சோக் மூடியது, த்ராட்டில் லேசாகத் திறப்பு. தடித்த தோல் கையுறையோடு, பெட்ரோல் கார்புரேட்டரை எட்டும்வரை சுற்றுங்கள். பிறகு "ஆன்" என்று உரக்கச் சொல்லி இக்னிஷனைப் போட்டு, ஒரு வெடிப்புச் சத்தம் கேட்கும்வரை தட்டுங்கள். சோக்கைத் திறந்து மறுபடி தட்டினால் பிடித்துக்கொள்ளும். தட்டிய கை ப்ரொப்பெல்லரை விட்டு விலகியே போக வேண்டும்; எஞ்சின் எதிர்ப்பக்கம் உதைக்கும். தாவணி, துப்பட்டா, அடையாள அட்டைக் கயிறு, தொங்கும் ஹெட்போன் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது. ப்ரொப்பெல்லர் சுற்றும் தளத்தில், அதாவது அதன் இருபக்கமும், ஒருவரும் நிற்கக் கூடாது. உடைந்த துண்டு அந்தப் பக்கம்தான் பறக்கும்.

அறுவடை முடிந்த வயல் இறங்குவதற்கு நல்ல இடமாகத் தோன்றும். தாளும் வைக்கோலும் காய்ந்து கிடக்கும் தை, மாசியில் சூடான சைலன்சர் பட்டாலே போதும், தீப்பிடிக்கும். பெட்ரோல் ஊற்றுமிடத்தையும் எஞ்சின் ஓட்டுமிடத்தையும் மண் தெரியச் சுத்தம் செய்து, இரண்டுக்கும் பத்து மீட்டராவது இடைவெளி விடுங்கள். பவுடர் தீயணைப்பான் ஒன்று பக்கத்தில் இருக்கட்டும். பெட்ரோல் தீயில் தண்ணீர் ஊற்றக் கூடாது. தாளுக்கடியில் உளுந்து தெளித்திருந்தால் அது ஒருவருடைய பயிர், வரப்போடு நின்றுவிடுங்கள்.

தஞ்சாவூரில் விமானப்படைத் தளம், திருச்சியில் விமான நிலையம். அரசின் டிஜிட்டல் ஸ்கை வான்வெளி வரைபடத்தில் உங்கள் மைதானம் எந்த நிறத்தில் வருகிறது என்று பாருங்கள். சிவப்பு, மஞ்சள் என்றால் அனுமதியில்லாமல் பறக்கவிட வேண்டாம்.

விரல் துண்டானால் சுத்தத் துணியால் காயத்தை அழுத்திப் பிடித்து 108-ஐ அழையுங்கள். துண்டை ஈரத்துணியில் சுற்றிப் பிளாஸ்டிக் பையிலிட்டு, அந்தப் பையை ஐஸ் மேல் வையுங்கள். துண்டு ஐஸை நேராகத் தொடக் கூடாது.

துறைத் தலைவர்களிடம் தனியாக இரண்டு வேண்டுகோள். கல்லூரி விழாவில் அரங்குக்குள்ளோ சாமியானா பந்தலுக்கடியிலோ பெட்ரோல் எஞ்சினை ஓட்டிக்காட்ட அனுமதிக்காதீர்கள். எஞ்சினுக்கு நிதி ஒதுக்கும்போது கில் சுவிட்ச், தனி பேட்டரி, டைகான் குழாய், உதிரி ப்ரொப்பெல்லர் இரண்டு, கையுறை, தீயணைப்பான் ஆகியவற்றையும் அதே கொள்முதல் பட்டியலில் எழுதுங்கள். எஞ்சின் முதலில் வந்து மற்றவை பிந்தினால், எல்லாம் வந்துசேரும்வரை எஞ்சினை அலமாரியில் வைத்துப் பூட்டி, சாவியைப் பொறுப்பாசிரியரிடம் கொடுத்துவையுங்கள்.

இப்படிக்கு,
காவிரிப் படுகையில் பெட்ரோல் மாதிரி விமானம் பறக்கவிடுவோர்