உறையின் முதுகில் படத்தின் பெயர் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

பிடித்த படங்களின் டிவிடிகளுக்குத் தாமே புதிதாக உறை வடிவமைத்துக்கொள்ளும் ரசிகர்களை வேலையற்றவர்கள் என்று கேலி செய்வோர் உண்டு. பல ஆண்டுகளாக அதைச் செய்துவருபவன் என்ற முறையில், அந்த வேலையை எங்கள் தலையில் கட்டியவர்கள் உறை அச்சிட்டவர்களே என்று சொல்வேன். நான் கடையில் வாங்கிய ஒரு தமிழ்ப்பட டிவிடியின் முன்பக்கத்தில், இரண்டே காட்சிகளில் தலைகாட்டும் நடிகரின் முகம் பெரிதாக இருந்தது. பின்பக்கத்தில் வேறொரு படத்தின் கதைச்சுருக்கம். முதுகிலோ நிறுவனத்தின் முத்திரை மட்டும். அலமாரியில் அடுக்கிவிட்டால், எது எந்தப் படம் என்று ஒவ்வொன்றாக உருவித்தான் பார்க்க வேண்டும்.

பாலு மகேந்திராவின் 'வீடு' (1988) படத்துக்கு நான் செய்த உறையில் எவருடைய முகமும் இல்லை. பூசாத செங்கல் சுவர் ஒன்று முதுகிலிருந்து தொடங்கி முன்பக்கத்தின் பாதியில் நின்றுவிடும். அதன்மேல் முதியவர் ஒருவரின் கை. படத்தில் தாத்தாவாக வரும் சொக்கலிங்க பாகவதரின் நடிப்பை அறிந்தவர்களுக்கு அது போதும். வழக்கமான டிவிடி உறைத்தாளின் அளவு 273 × 183 மில்லிமீட்டர். அதில் முதுகுக்குக் கிடைப்பது 14 மில்லிமீட்டர்தான். அந்தக் குறுகிய பட்டையில் 'வீ'யின் மேல்சுழி மையில் அடைபடாமல் தெளிவாக விழுவதற்குள் நான்கு எழுத்துருக்களை மாற்ற வேண்டியதாயிற்று.

இதைச் சில்லறை வேலை என்று ஒதுக்குவோர், சத்யஜித் ராய் இயக்குநராவதற்கு முன் சிக்னெட் பிரஸ் பதிப்பகத்துக்கு நூலட்டைகள் வடிவமைத்தவர் என்பதையும், 'பதேர் பாஞ்சாலி' நாவலின் சுருக்கப் பதிப்புக்கு ஓவியம் தீட்டியபோதே அதைப் படமாக்கும் எண்ணம் அவருக்கு எழுந்தது என்பதையும் நினைத்துப் பார்க்கலாம். தம் படங்களின் சுவரொட்டிகள் பலவற்றையும் அவரே வடிவமைத்தார்.

பிரிட்டனின் ஆரோ வீடியோ நிறுவனம் தன் வெளியீடுகள் பலவற்றில் உறைத்தாளின் இரு புறமும் அச்சிடுகிறது: ஒருபுறம் புதிதாக வரையவைத்த ஓவியம், மறுபுறம் படம் வெளியான காலத்துச் சுவரொட்டி. வாங்குபவர் விரும்பிய பக்கத்தைத் திருப்பிச் செருகிக்கொள்ளலாம். தமிழ்ப் படங்களை இன்னும் வட்டில் வெளியிட நினைப்பவர்கள் இதைப் பின்பற்றினால் நல்லது. உறையை வடிவமைத்தவரின் பெயரையும் ஓர் ஓரத்தில் அச்சிடலாம். அதற்கெல்லாம் வசதியில்லை என்றால், முதுகில் படத்தின் பெயரையாவது தமிழில் போடட்டும்.

இப்படிக்கு,
திரைப்பட வட்டுகள் சேகரிக்கும் வாசகர்,
மதுரை.