பொன்ச்கிக்கு உரிய நாள் வியாழன்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் இதழின் உணவுப் பகுதியில் பல நாட்டு இனிப்புகளைப் பற்றி வெளியான கட்டுரையில் போலந்தின் பொன்ச்கிக்கு இரண்டே வரிகள் கிடைத்திருந்தன. ஜாம் வைத்த டோனட் என்றும், தவக்காலத்துக்கு முந்தைய செவ்வாயன்று போலந்து மக்கள் உண்பது என்றும் அவை கூறின. வார்சாவில் வசிக்கும் வாசகன் என்ற முறையில் இவ்விரண்டையும் குறித்துச் சற்று விரிவாக எழுத விரும்புகிறேன்.

போலந்தில் பொன்ச்கிக்கு உரிய நாள் வியாழன். ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்காலமான தவக்காலம் தொடங்கும் திருநீற்றுப் புதனுக்கு ஆறு நாள் முன்னதாக வரும் அந்த நாளைக் கொழுத்த வியாழன் என்கிறார்கள். ஈஸ்டரை ஒட்டித் தேதி மாறிக்கொண்டே இருக்கும். 2026-இல் அது பிப்ரவரி 12. கட்டுரையாளர் சொல்லும் செவ்வாய்க்கிழமை வழக்கம் அமெரிக்கப் போலந்து வம்சாவளியினருடையது. பெரும்பாலும் டெட்ராய்ட் மாநகரால் சூழப்பட்ட ஹாம்ட்ராம்க் என்ற சிறு நகரில், டாட்ஜ் கார் தொழிற்சாலை வேலைக்காக 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்து குடியேறியவர்களின் வழியினர் இன்றும் அந்தச் செவ்வாயைத்தான் பொன்ச்கி நாளாகக் கொண்டாடுகிறார்கள். போலந்திலோ அதே செவ்வாயன்று ஹெர்ரிங் மீன் உண்பது மரபு.

நாளை இவ்வளவு வற்புறுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. நம் ஊர்க் கத்தோலிக்கர்கள் தவக்காலத்தில் ஒருசந்தி (ஒருவேளை முழு உணவு), சுத்தபோசனம் (இறைச்சி தவிர்த்தல்) என்று கடைப்பிடிக்கும் நோன்பு பழைய போலந்தில் மிகக் கடுமையாக இருந்தது. இறைச்சியோடு பன்றிக்கொழுப்பு, வெண்ணெய், முட்டை ஆகியவற்றையும் தவிர்த்தார்கள். அவற்றையெல்லாம் நோன்புக்கு முன்பே உண்டு தீர்க்கப் பிறந்த பலகாரம் இது என்பதால், மாவில் மஞ்சட்கருவும் வெண்ணெயும் தாராளமாக விழுவதும், பன்றிக்கொழுப்பில் பொரிப்பதும் ஆடம்பரத்துக்காக ஏற்பட்டவை அல்ல. கொழுத்த வியாழனன்று ஒன்றாவது உண்ணாதவருக்கு அந்த ஆண்டு நல்லது நடக்காது என்ற நம்பிக்கையும் உண்டு. அதை நம்பாதவர்களும் அன்று காலை இனிப்புக் கடை வாசலில் வரிசையில் நிற்பதைப் பார்க்கிறேன். வார்சாவில் 1869-இல் தொடங்கிய பிளிக்லே கடை இதற்குப் பெயர்பெற்றது.

தொடக்கத்தில் இது இனிப்பாகவே இல்லை. ரொட்டி மாவுக்குள் பன்றிக்கொழுப்பை வைத்துப் பொரித்த பண்டமாக இருந்தது. 18ஆம் நூற்றாண்டில், மன்னர் மூன்றாம் அகஸ்டஸ் காலத்து வாழ்க்கையைப் பதிவுசெய்த யென்ட்ஷெய் கிதோவிச் என்ற பாதிரியார், பழைய பொன்ச்கியால் அடித்தால் கண் கன்றிப்போகும் என்றும், தம் காலத்தில் செய்வதோ கையில் அழுத்தினாலும் மீண்டும் உப்பிவிடும், காற்றடித்தால் தட்டிலிருந்து பறந்துவிடும் என்றும் எழுதியிருக்கிறார். பாதிரியார் சற்று மிகைப்படுத்தியிருக்கலாம். ஆனால் அந்த மென்மைதான் இன்றும் நல்ல பொன்ச்கிக்கு அளவுகோல். ஈஸ்ட் சேர்த்த மாவு நன்றாகப் பொங்கியிருந்தால், கொழுப்பில் பாதி மட்டுமே அமிழ்ந்து மிதக்கும். திருப்பிப் போட்டாலும் நடுப்பகுதியில் கொழுப்பு படாது. அதனால் இடுப்பைச் சுற்றி வெளிறிய பட்டை ஒன்று விழும். அந்தப் பட்டை இல்லாத பொன்ச்கியை இங்குள்ள மூதாட்டிகள் சீந்துவதில்லை. மாவில் ஒரு கரண்டி சாராயம் ஊற்றுவதும் வழக்கம். பொரியும்போது அது ஆவியாகி, கொழுப்பு உள்ளே ஏறாமல் தடுக்கும் என்பார்கள்.

உள்ளே வைக்கும் பொருளைக் கட்டுரையாளர் ஜாம் என்று பொதுவாகச் சொல்லிவிட்டார். மரபான பொன்ச்கியில் இருப்பது ரோஜா இதழ்களைச் சர்க்கரையோடு அரைத்த விழுது. நம் குல்கந்துக்கு மிக நெருங்கியது என்பதால் தமிழ் வாசகர்களுக்கு அதை விளக்குவது எளிதாகவே இருந்திருக்கும். அடுத்த நிலையில் நெடுநேரம் காய்ச்சிய பிளம் பழக்கூழ். மேலே சர்க்கரைப் பூச்சும் பாகில் ஊறிய ஆரஞ்சுத் தோல் துணுக்குகளும். இப்போது பிஸ்தா, உப்புக் கேரமல் என்று நிரப்பி ஒன்றைப் பல மடங்கு விலைக்கு விற்கிறார்கள். மறுபுறம் பெரிய அங்காடிகள் போட்டி போட்டுக்கொண்டு சில்லறைக் காசுக்குத் தள்ளிவிடுகின்றன. பிஸ்தாவை நான் குறைசொல்ல மாட்டேன். சில்லறைக் காசுப் பொன்ச்கியில் அந்த வெளிறிய பட்டையும் இருப்பதில்லை, ரோஜா மணமும் இருப்பதில்லை என்பதே என் வருத்தம்.

கட்டுரையோடு வந்த செய்முறையில் ஈஸ்டுக்குப் பதிலாகப் பேக்கிங் பவுடர் சேர்க்கச் சொல்லியிருப்பதையும் திருத்த வேண்டுகிறேன். பன்றிக்கொழுப்பு வேண்டாதவர்கள் எண்ணெயில் பொரித்துக்கொள்ளலாம். போலந்திலேயே பலர் அப்படித்தான் செய்கிறார்கள். ஈஸ்டையும் மாவு பொங்குவதற்கான நேரத்தையும் மட்டும் விட்டுவிடக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
வார்சா, போலந்து.