மால்டாவுக்குக் கிளம்பும் நண்பனுக்கு

அன்பு நண்பா,

உன் கடிதமும் அதோடு வைத்திருந்த பயணத் திட்டமும் கிடைத்தன. பையன் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது என்று படித்ததும் மனசு நிறைந்தது. இத்தனை வருஷ ஓட்டத்துக்குப் பிறகு நீயும் தங்கச்சியும் ஒரு வாரம் வெளியே போய் வரத்தான் வேண்டும். அவளுடைய முழங்கால் வலியைப் பற்றி எழுதியிருந்தாய். அதையும் கணக்கில் வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

மால்டா நல்ல தேர்வு. பெரிய தீவே 246 சதுர கிலோமீட்டர்தான்; இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு 27 கிலோமீட்டர் இருக்கும். தீவு சின்னது என்பதாலேயே சுற்றுலா நடத்துபவர்கள் ஒரே நாளில் ஐந்து இடங்களைத் திணித்துவிடுகிறார்கள். உன் திட்டத்திலும் தலைநகர் வலெட்டாவுக்கு அரை நாள், கைவினைப் பொருள் கடைகளுக்கு ஒன்றரை மணி நேரம் என்று போட்டிருக்கிறார்கள். முழுப் பணம் கட்டுவதற்குள் பேசினால் நாட்களை முன்பின்னாக மாற்றித் தருவார்கள். கட்டிய பிறகு கேட்டுப் பயனில்லை.

முதல் வேலையாக ஒன்று செய். பாவ்லா ஊரில் தரைக்கடியில் இருக்கும் ஹால் சஃப்லியேனி ஹைப்போஜியத்துக்கு நீயே நேரடியாக இணையத்தில் சீட்டு எடுத்துவிடு. உன் திட்டத்தில் அது இல்லை. பெரும்பாலான குழுப் பயணங்களில் இருக்காது. ஒரு நேரத்துக்குப் பத்துப் பேரைத்தான் உள்ளே விடுவார்கள் என்பதால், முப்பது பேர் கொண்ட குழுவை அங்கே ஒன்றாகக் கூட்டிப் போக வழியே இல்லை. இந்தக் கட்டுப்பாட்டுக்குக் காரணம் நம் மூச்சுதான். மூச்சில் வெளியேறும் கரியமில வாயுவும் ஈரமும் உள்ளே கூரையில் செங்காவியால் தீட்டிய சுருள் கோலங்களை அரிக்கும். பாறையைக் குடைந்து மூன்று அடுக்காக இறங்கும் புதைகுழி வளாகம் அது. கி.மு. 4000 முதல் 2500 வரை பயன்பட்டது; சுமார் ஏழாயிரம் பேரின் எலும்புகள் அங்கே கிடந்ததாகக் கணக்கிட்டிருக்கிறார்கள். 1902-இல் வீடு கட்டப் பள்ளம் தோண்டியவர்கள் தற்செயலாகக் கண்டது. உலோகக் கருவி எதுவும் இல்லாமல், கல்லாலும் கொம்பாலும் குடைந்த சுவரில், நிஜக் கட்டடத்தின் வாசல் நிலையையும் அடுக்குக் கூரையையும் அப்படியே செதுக்கி வைத்திருக்கிறார்கள். தீவில் தரைக்கு மேல் இருக்கும் அதே காலத்துக் கற்கோயில்கள் எல்லாம் கூரை இழந்து நிற்கின்றன. அந்தக் கூரைகள் எப்படி இருந்திருக்கும் என்பதற்குச் சாட்சி இந்தப் பாதாளத்தில்தான் இருக்கிறது. அதனால்தான் இதைத் தவறவிடாதே என்று இவ்வளவு வற்புறுத்துகிறேன்.

சீட்டு வாரக்கணக்கில், கோடையில் மாதக்கணக்கில் முன்பே தீர்ந்துவிடும். தேதி முடிவான அன்றே எடுத்துவிடு. பையையும் கேமராவையும் வெளியே பெட்டகத்தில் வைத்துவிட்டுத்தான் போக வேண்டும். படிகள் குறுகலானவை. கைப்பிடி இருக்கிறது, தங்கச்சி மெதுவாக இறங்கிவிடுவாள். தர்ஷீன் கோயில்கள் அங்கிருந்து நடக்கும் தூரம்தான், இரண்டையும் ஒரே காலையில் முடித்துவிடலாம். ஹைப்போஜியத்தில் கிடைத்த, படுத்துறங்கும் பெண்ணின் சுடுமண் சிலை மட்டும் அங்கே இல்லை. வலெட்டா தொல்லியல் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உள்ளங்கையில் அடங்கும் அளவுதான், கண்ணாடிப் பெட்டிக்கு அருகே குனிந்து பார்.

அடுத்தது தேதிகள். செப்டம்பர் மூன்றாம் வாரம் போகிறீர்கள். வெயில் தணிந்திருக்கும், கடல் நீர் வெதுவெதுப்பாக இருக்கும். மாதக் கடைசியில் முதல் மழை வந்தாலும் வரும். செப்டம்பர் 21 அவர்களுடைய சுதந்திர தினம், 1964-இல் பிரிட்டனிடமிருந்து விடுதலை பெற்ற நாள். அன்றும் ஞாயிற்றுக்கிழமையிலும் புனித யோவான் பேராலயத்தில் சுற்றிப் பார்ப்பவர்களை விடமாட்டார்கள். வலெட்டா நாள் இவற்றில் விழுந்தால், வெளிச்சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். வெளியே மொட்டையாக, கோட்டை மாதிரி நிற்கும் கட்டடம். உள்ளே போனால் ஒரு சாண் இடம்கூட வெறுமையாக இருக்காது. தரை முழுக்கப் பல வண்ணச் சலவைக்கல் பதித்த கல்லறைப் பலகைகள், நானூறு இருக்கும். ஒவ்வொன்றின் கீழும், அன்று மால்டாவை ஆண்ட மாவீரர் சபையைச் சேர்ந்த ஒருவர். ஊசிக் குதிகால் செருப்பு அந்தக் கற்களைக் கொத்திவிடும் என்பதால் அதற்கு அனுமதி இல்லை. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும்; சேலையோ சுடிதாரோ என்றால் சிக்கல் இல்லை.

பேராலயத்தை ஒட்டிய பிரார்த்தனைக் கூடத்தில்தான் இத்தாலிய ஓவியர் கரவாஜ்ஜோ 1608-இல் வரைந்த ஓவியம், யோவானின் தலையை வெட்டும் காட்சி. அகலம் ஐந்து மீட்டருக்கு மேல், அவருடைய ஓவியங்களிலேயே பெரியது இதுதான். கீழே, வெட்டுண்ட கழுத்திலிருந்து வழிந்து தரையில் தேங்கிய இரத்தத்தைக் கூர்ந்து பார். அந்தச் சிவப்பாலேயே தன் பெயரை எழுதியிருக்கிறார். அவர் கையெழுத்திட்ட ஓவியம் இது ஒன்றுதான். பெயருக்கு முன்னால் இருக்கும் ஓர் எழுத்து, அவர் சபையில் வீரராகச் சேர்க்கப்பட்டதைக் குறிக்கிறது. சேர்ந்த சில மாதத்தில் அடிதடி வழக்கில் சிறைப்பட்டு, தப்பி ஓடி, அதே ஆண்டு டிசம்பரில் சபையிலிருந்து விலக்கப்பட்டார். அந்தத் தீர்ப்பை அறிவித்த கூட்டம் நடந்ததும் இதே கூடத்தில்தான். குழுவோடு போனால் ஐந்து நிமிஷத்தில் நகர்த்திவிடுவார்கள். வழிகாட்டியிடம் முன்பே சொல்லிவிட்டு அரை மணி நேரம் பின்தங்கிக்கொள்.

வலெட்டா ஒரு நீண்ட குன்றின் முதுகில் கட்டிய நகரம். 1565-இல் துருக்கியப் படையின் முற்றுகையைத் தாங்கிய பிறகு, மறு வருஷமே அடிக்கல் நாட்டினார்கள். குடியரசுத் தெருவும் அதற்கு இணையான வணிகர் தெருவும் பெரும்பாலும் சமதளம். குறுக்குத் தெருக்களோ இரண்டு பக்கமும் கடலை நோக்கிப் படிப்படியாக இறங்கும். தங்கச்சியைக் குறுக்குத் தெருக்களில் நடக்கவிடாதே. மேல் பராக்கா பூங்காவில் 58 மீட்டர் உயர மின்தூக்கி இருக்கிறது, அதில் இறங்கினால் துறைமுகம், அங்கிருந்து படகில் எதிர்க்கரை பிர்கு. பூங்காவின் விளிம்பில் நண்பகல் 12 மணிக்குப் பீரங்கி வெடிப்பார்கள். கால் மணி முன்பே மேல் கைப்பிடிச் சுவரில் இடம் பிடித்துவிடு. அங்கே நின்றால் முற்றுகையின் வரைபடமே கண்முன் விரியும். எதிரே மாவீரர்கள் தாக்குப்பிடித்த பிர்குவும் செங்லியாவும். இடப்பக்கம் துறைமுக வாயில். இந்தக் கரையின் நுனியில் இருக்கும் புனித எல்மோ கோட்டை ஒரு மாதம் போல் தாங்கி ஜூன் 23 அன்று வீழ்ந்தது. அந்த ஒரு மாதத் தாமதம்தான் மற்றவர்களைக் காப்பாற்றியது.

ஞாயிற்றுக்கிழமையைத் தெற்குப் பக்கத்துக்கு ஒதுக்கச் சொல். காலையில் மார்சஷ்லோக் மீன் சந்தை, அன்றைக்குத்தான் களை கட்டும். எட்டு மணிக்குள் போனால் மீன், பத்துக்கு மேல் போனால் பிளாஸ்டிக் சாமானும் கூட்டமும்தான். முகப்பில் இரண்டு கண் தீட்டிய வண்ணப் படகுகள் அங்கேதான் வரிசையாக நிற்கும். அங்கிருந்து நீலக் குகை. சின்னப் படகில் இருபது நிமிஷச் சுற்று, காலை வெளிச்சத்தில்தான் தண்ணீர் நீலமாக ஒளிரும். கடல் கொந்தளித்தால் படகு விடமாட்டார்கள். அதனால் திட்டத்தில் ஒரு நாளை எதுவும் வைக்காமல் விட்டு வைப்பது அவசியம். காற்று கெடுத்ததை அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம்.

பக்கத்திலேயே ஹஜார் ஈம், ம்னைட்ரா கோயில்கள். எகிப்தின் பிரமிடுகளுக்குச் சுமார் ஆயிரம் வருஷம் மூத்தவை. இரண்டுக்கும் நடுவே அரைக் கிலோமீட்டர் சரிவுப் பாதை. திரும்பி ஏறும்போது நிழல் கிடையாது. இங்கே கல்லைத் தொடாமல், கண்ணால் ஒப்பிட்டுப் பார். ஹஜார் ஈம் மஞ்சள் நிற மென்கல். கத்தி பட்டால் இழையும், கூர்மையான விளிம்பு வரும், ஆனால் உப்புக்காற்று அதைத் தேன்கூடு போலப் பொத்தல் பொத்தலாக அரித்துவிடும். ம்னைட்ராவின் வெளிச்சுவர் சாம்பல் நிறப் பவளப்பாறைக் கல். செதுக்கக் கடினம், காலத்துக்கு நிற்கும். 2009-இல் இரண்டுக்கும் மேல் வெள்ளைக் கூடாரம் போட்டது இந்த அரிப்பைத் தடுக்கத்தான். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் தீவு முழுக்க உதவும். வலெட்டாவின் மதிலும் வீடுகளும் ஏன் அந்த மஞ்சளில் இருக்கின்றன, சில சுவர்கள் ஏன் பொடிப்பொடியாக உதிர்கின்றன என்றெல்லாம் யாரையும் கேட்க வேண்டியிருக்காது. பக்கத்துத் தீவான கோஸோ ஏன் பச்சையாகத் தெரிகிறது என்பதற்கும் பதில் நிலத்தடியில்தான் இருக்கிறது. மேல் அடுக்குக் கல்லுக்குக் கீழே நீலக் களிமண் படுகை மழைநீரை இறங்கவிடாமல் தாங்குகிறது. கோஸோவில் அது பரவலாக இருப்பதால் ஊற்றும் உழவும் அதிகம்.

இன்னொன்று. பகலும் இரவும் சமமாகும் நாளில் சூரியன் உதிக்கும்போது, ம்னைட்ராவின் தெற்குக் கோயில் வாசல் வழியாக ஒளி நேராக உள் மாடம் வரை போகும். செப்டம்பர் 22, 23 வாக்கில் சிலரை மட்டும் சீட்டு எடுத்து விடியலில் அனுமதிப்பார்கள். உன் தேதிகளை ஒட்டித்தான் அது வருகிறது, முயன்று பார்.

கோஸோவுக்கு ஒரு நாள்தான் போட்டிருக்கிறார்கள், பரவாயில்லை. சிர்கெவ்வா துறையிலிருந்து கப்பலில் 25 நிமிஷம். போகும்போது காசு கேட்கமாட்டார்கள், திரும்பும்போதுதான் சீட்டு. ஜிகன்தியா கோயில், விக்டோரியா நகரின் கோட்டை, ஷ்வைனி உப்பளம் மூன்றையும் நிதானமாகப் பார்த்தால் போதும். உன் துண்டுப் பிரசுரத்தில் கடலுக்குள் நிற்கும் கல் வளைவின் படம் இருக்கிறது. அது 2017 மார்ச் 8 அன்று புயலில் இடிந்து விழுந்துவிட்டது. இன்னும் அந்தப் படத்தைப் போடுகிறவர்கள் மற்ற விவரங்களையும் புதுப்பித்தார்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டுச் சரிபார். இரண்டு தீவுகளுக்கும் நடுவே உள்ள குட்டித் தீவு கொமினோவின் நீலக் காயலைச் சேர்க்கச் சொன்னால் வேண்டாம் என்பேன். இறங்க 2025 முதல் முன்பதிவு வேண்டும், நிழலும் உட்கார இடமும் குறைவு.

மதில் சூழ்ந்த பழைய நகரமான இம்தினாவை மாலைக்குத் தள்ளு. பகலில் பேருந்துக் கூட்டம். ஐந்து மணிக்கு மேல் மதிலுக்குள் ஊர்க்காரர்கள் மட்டும்தான். பகலில் ஒட்டியிருக்கும் ரபாத்தில் புனித பவுலின் நிலத்தடிக் கல்லறைகளைப் பாருங்கள். இறந்தவர்களுக்காக விருந்து உண்ண பாறையிலேயே வெட்டிய வட்ட மேசைகள் அங்கே உண்டு. வழியில் மொஸ்டா, 1942 ஏப்ரல் 9 அன்று, உள்ளே மக்கள் கூடியிருக்கும்போது குவிமாடத்தைத் துளைத்து விழுந்த குண்டு வெடிக்காமல் கிடந்த ஆலயம். பத்து நிமிஷம் போதும்.

விடுதி எந்த ஊரில் என்று திட்டத்தில் போடவில்லை, அவசியம் கேள். வடக்கே புஜிப்பா பக்கம் என்றால் வாடகை குறைவு, ஆனால் வலெட்டாவுக்குப் போகவே ஒரு மணி நேரம் ஆகும். ஸ்லீமா என்றால் படகிலேயே போய்விடலாம்.

சாப்பாட்டுக்குத் தங்கச்சி திண்டாட வேண்டாம். பட்டாணி அடைத்த பஸ்திட்ஸி, அவரைப் பருப்பை மசித்த பிகில்லா, கத்தரிக்காயும் தக்காளியும் வதக்கிய கபுனாத்தா எல்லாம் எங்கும் கிடைக்கும். பஸ்திட்ஸி மாவில் சில கடைகளில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பார்கள், கேட்டு வாங்கு. குழாய்த் தண்ணீர் பெரும்பாலும் கடல்நீரைச் சுத்திகரித்தது, குடிக்கலாம், கொஞ்சம் உப்புக் கரிக்கும். பாட்டில் வாங்கினால் 10 சென்ட் வைப்புத் தொகை சேரும். காலி பாட்டிலை நசுக்காமல் இயந்திரத்தில் போட்டால் திரும்பக் கிடைக்கும். மின்செருகி பிரிட்டிஷ் பாணிச் சதுர முள், நம் ஊர் உருண்டை முள் நுழையாது. நடைபாதைக் கல் தேய்ந்து வழுவழுப்பாக இருக்கும், மழையில் வழுக்கும். இருவரும் ரப்பர் அடி உள்ள ஷூ போட்டுக்கொள்ளுங்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். மருத்துவக் காப்பீடு 30,000 யூரோவுக்குக் குறையக் கூடாது. தேதியும் விடுதிப் பெயரும் தெரிந்ததும் எனக்கு எழுது. எந்த நாளை எங்கே வைப்பது என்று சேர்ந்தே வரிசைப்படுத்திவிடுவோம்.

தங்கச்சிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு.

என்றும் உன்,
பழைய நண்பன்