கம்பளத்தின் புறப்பக்கத்தையும் காட்டுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

பெருநாள், புத்தாண்டு வியாபாரம் சூடுபிடிக்கும் நாள்களில் கல்முனையிலிருந்து மட்டக்களப்பு நகர் வரையுள்ள கடைகள் பலவற்றில் 'இந்தியக் கைவேலைக் கம்பளம்' என்ற அட்டையுடன் தரைவிரிப்புகள் விற்பனைக்கு வைக்கப்படுகின்றன. அந்த அட்டையை நம்பி ஏமாந்தவர்களுள் நானும் ஒருத்தி. மருதமுனையில் ஒரு நெசவாளியின் மகளாகப் பிறந்து, தறிச் சத்தத்துக்குள்ளேயே வளர்ந்தவள் என்பதால், அந்த ஏமாற்றம் பணத்தோடு முடிந்துபோன ஒன்றாக எனக்குத் தோன்றவில்லை. ஆகவேதான் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மூன்று ஆண்டுகளுக்கு முன், மகளுக்குக் கட்டிய வீட்டின் முன்மண்டபத்தில் விரிப்பதற்காக, எனது ஒரு மாத ஓய்வூதியத்தை விடக் கூடுதலான விலைக்கு ஒரு கம்பளம் வாங்கினேன். காஷ்மீரில் கையால் முடிச்சுப் போட்டு நெய்தது என்றும், பேரப்பிள்ளைகள் காலம் வரை அப்படியே கிடக்கும் என்றும் கடைக்காரர் உறுதி சொன்னார். முதல் மாரியிலேயே அதிலிருந்து ரப்பர் வாடை வீசத் தொடங்கியது. அடுத்த ஆண்டுக் கோடையில் கூட்டுவதற்காக அதைச் சுருட்டித் தூக்கியபோது, சீமெந்துத் தரையில் கம்பளத்தின் அளவிலேயே நீள்சதுரமாக, மஞ்சள் நிற மாவைப் போல ஒரு தூள் படிந்திருந்தது. பின்பக்கத்துத் துணியின் ஓரத்தை நகத்தால் கிளப்பினேன். தாள் உரிவது போல உரிந்து வந்தது. உள்ளே நூலைப் பிடித்துக்கொண்டிருந்த பசை காய்ந்து வெடித்துக் கிடந்தது. பூவிதழ் ஒன்றிலிருந்த சிவப்பு நூலைப் பிடித்து இழுத்தேன். முடிச்சு என்று எதுவுமில்லாமல் அது கையோடு வந்துவிட்டது.

நான் வாங்கியது கைமுடிச்சுக் கம்பளமே அல்ல என்பது அப்போதுதான் விளங்கியது. சட்டத்தில் இழுத்துக் கட்டிய துணியின் மீது கோலத்தை வரைந்து, துப்பாக்கி போன்ற கைக்கருவியால் நூலை அதனுள் குத்திச் செருகி, நூல் கழன்று போகாதிருக்கப் பின்புறம் முழுவதும் ரப்பர்ப் பசை பூசி, அதை மறைக்க இன்னொரு துணியை ஒட்டிவிடுகின்ற விரிப்பு அது. இதையும் ஒரு மனிதர் கையால்தான் செய்கிறார். ஆகையால் 'கைவேலை' என்ற அட்டையை முழுப் பொய் என்று சொல்லிவிடவும் முடியாது. வாங்குபவருக்கு வினை வருவதும் இந்த இடத்தில்தான். மாதக்கணக்கில் முடிச்சுப் போட்டு முடிப்பதையும், சில நாள்களில் நூல் குத்தி முடிப்பதையும் ஒரே சொல்லால் அழைத்து ஒரே வரிசையில் அடுக்கி வைத்தால், விலையை வைத்துத் தரத்தைக் கணிக்கிற சாதாரண வாடிக்கையாளர் என்ன செய்வார்?

உண்மையான காஷ்மீர்க் கம்பளத்தின் பின்னே இருக்கும் உழைப்பு நெசவுக் குடும்பத்தில் பிறந்த எனக்கே மலைப்பைத் தருகிறது. நெட்டுக்குத்தாக நிற்கும் தறியில் பாவு, அதாவது நீளவாக்கில் ஓடும் நூல், இழுத்துக் கட்டப்பட்டிருக்கும். நெசவாளர் அதன் முன்னே அமர்ந்து, இரண்டிரண்டு பாவிழைகளில் கம்பளி நூலையோ பட்டு நூலையோ சுற்றி முடிச்சிட்டு, கத்தியால் அறுத்துவிட்டு அடுத்த சோடிக்குப் போவார். ஒரு வரிசை நிறைந்ததும் குறுக்கே ஓடும் ஊடை நூலைச் செலுத்தி, கனத்த சீப்பால் அடித்து இறுக்குவார். கோலத்தை நினைவில் வைத்தோ படத்தைப் பார்த்தோ அவர்கள் நெய்வதில்லை. எந்த நிறத்தில் எத்தனை முடிச்சு என்பதைக் குறிக்கும் 'தாலிம்' என்ற குறியீட்டு எழுத்து அவர்களுக்கென்றே உண்டு. அதை ஒருவர் உரத்து வாசிக்க, தறியில் இருப்பவர்கள் கேட்டுக் கேட்டு முடிச்சிடுவார்கள். நீளவாக்கில் ஓர் அங்குலத்துக்கு 18, குறுக்குவாக்கில் 18 என்று வைத்தால், ஒரு சதுர அங்குலத்துக்கு 324 முடிச்சுகள் வரும். இந்தக் கணக்கில் 4 அடிக்கு 6 அடி அளவான ஒரு சிறு கம்பளத்துக்கே 11 இலட்சத்து 19 ஆயிரத்து 744 முடிச்சுகள் வேண்டும். அத்தனையும் விரல்களால் ஆனவை.

முகலாயப் பேரரசர் அக்பர் ஆக்ராவிலும் லாகூரிலும் கம்பளப் பட்டறைகளை ஏற்படுத்திய காலம் முதல் இந்தத் தொழிலுக்கு அரண்மனைப் பெருமை உண்டு. ஆனால் அதற்குள்ளே கண்ணீரும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியச் சிறைகளில் கைதிகளைக் கொண்டு கம்பளம் நெய்வித்தார்கள். பிற்காலத்தில், உத்தரப்பிரதேசத்தின் பதோஹி, மிர்சாபூர்ப் பகுதித் தறிகளில் பள்ளிக்கூடம் போக வேண்டிய பிள்ளைகள் அமர்த்தப்பட்டமை உலகறிந்த செய்தியாகியது. பிள்ளைகளின் உழைப்பு இல்லாமல் நெய்யப்பட்டது என்பதற்கு அடையாளமாக 1994 இல் 'ரக்மார்க்' முத்திரை அறிமுகமானது. அதற்காகப் பாடுபட்ட கைலாஷ் சத்யார்த்தி 2014 இல் அமைதிக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். கம்பளத்தின் மூலையில் தைக்கப்பட்ட ஒரு சிறு அடையாளத் துண்டின் மூலம் எங்கோ இருக்கும் தறியின் நிலையை வாங்குபவருக்குத் தெரிவிக்க முடியுமென்றால், ஒரு விரிப்பு எவ்வாறு செய்யப்பட்டது என்பதை நமது கடைகளில் நாலு சொல்லில் எழுதி வைப்பது இயலாத காரியமல்ல.

இந்திய விரிப்பு என்றால் எங்கள் வீட்டில் முதலில் நினைவுக்கு வருவது ஜமுக்காளம். 1982 இல் வாப்பா தமிழ்நாட்டுக்குப் போய்த் திரும்பியபோது பவானி ஜமுக்காளம் ஒன்றைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். பவானி ஆறு காவிரியோடு கூடுகின்ற இடத்தில், ஈரோட்டுக்கு அண்மையில் உள்ள ஊர் அது. அங்கே அகலமான விரிப்புக்குக் குழித்தறியில் இரண்டு நெசவாளர்கள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்து, ஒருவர் தள்ளும், ஊடை நூல் சுற்றிய நாடாவை மற்றவர் வாங்கி நெய்வார்கள் என்பதை வாப்பா தம் சகோதரரைப் பற்றிப் பேசுவது போலச் சொல்லுவார். தடித்த பருத்தி நூலில் சிவப்பும் பச்சையும் நீலமுமாகப் பட்டை பட்டையாக ஓடும் அந்த விரிப்பில் ஊடை நூல் பாவை முழுவதும் மூடிவிடுவதால், அதற்கு உள், புறம் என்ற வேறுபாடே கிடையாது. ஊரில் எந்த வீட்டில் கல்யாணம் என்றாலும், கத்தம் என்றாலும் அது இரவல் போகும். 2004 டிசெம்பர் 26 அன்றும் வீதிக்கு மேற்கே இருந்த உறவினர் வீட்டுக்குத்தான் போயிருந்தது. கடல் எங்கள் தறியையும் வீட்டையும் கொண்டுபோன பின்னர், முன்னைய வாழ்க்கையிலிருந்து எங்களிடம் மிஞ்சியவற்றுள் அந்த ஜமுக்காளமும் ஒன்று. இன்றும் அதை விரித்துத்தான் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வைக்கிறோம்.

பவானி ஜமுக்காளத்துக்கு 2005 இல் ஊரின் பெயரைப் பிறர் பயன்படுத்தாமல் காக்கும் இந்தியாவின் புவிசார் குறியீடு கிடைத்தது. அதற்கு 20 ஆண்டுகளுக்கு முன்னரே, கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கப்பட்ட பொருள்களின் பட்டியலில் ஜமுக்காளத்தைச் சேர்க்க வழிசெய்யும் சட்டத்தை இந்தியா 1985 இல் இயற்றியிருந்தது. இவ்வளவு இருந்தும், விசைத்தறியில் ஓடிய மலிவான விரிப்புகள் தங்கள் ஊரின் பெயரில் சந்தைக்கு வருவதாக அங்குள்ள நெசவாளர்கள் முறையிட்டே வருகிறார்கள். இந்த முறைப்பாடு மருதமுனைக்காரருக்குப் புதியதல்ல. விசைத்தறிச் சாரனை 'மருதமுனைக் கைத்தறி' என்று சொல்லி வெளியூரில் விற்பதை நானே நேரில் பார்த்திருக்கிறேன். அப்போது கொதித்துப்போகும் நாம், இந்திய நெசவாளியின் பெயரில் நமது கடைத்தெருவில் அதே காரியம் நடக்கும்போது பேசாமல் இருப்பது சரியல்ல.

கடையில் எந்தப் புடைவையைக் கையிலெடுத்தாலும் வாப்பா முதலில் அதைப் புரட்டிப் புறப்பக்கத்தைத்தான் பார்ப்பார். கம்பளத்துக்கும் அதுதான் வழி. கைமுடிச்சுக் கம்பளத்தைப் புரட்டினால் முன்பக்கத்துக் கோலம் பின்னேயும் தெளிவாகத் தெரியும். முடிச்சுகளை விரலால் தடவி எண்ணலாம். ஓரத்துக் குஞ்சம் பாவு நூலின் தொடர்ச்சியாக விரிப்பின் உள்ளிருந்தே வந்திருக்கும். பின்னால் துணி ஒட்டி, குஞ்சத்தைத் தனியாகத் தைத்திருந்தால், அது நான் வாங்கியதைப் போன்ற விரிப்பாகத்தான் பெரும்பாலும் இருக்கும். அத்தகைய விரிப்பை விற்கக்கூடாது என்று நான் சொல்லவில்லை. அதன் பெயரைச் சொல்லி, அதற்குரிய விலைக்கு விற்கட்டும்.

2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டம், பொருளின் தரத்தைப் பற்றி வாடிக்கையாளரைத் தவறாக நம்பச் செய்வதைத் தடை செய்கிறது. அடையாளச் சீட்டில் என்ன எழுதப்பட வேண்டும் என்று பணிப்புரை வழங்கும் அதிகாரத்தையும் சபைக்கு அளிக்கிறது. கைமுடிச்சா, தறியில் நெய்ததா, நூல் குத்திப் பசை பூசியதா, இயந்திரத்தில் ஓடியதா என்பதையும், கம்பளியா பருத்தியா செயற்கை நூலா என்பதையும் ஒவ்வொரு விரிப்பிலும் தமிழிலும் சிங்களத்திலும் எழுத வேண்டுமென்ற பணிப்புரையைச் சபை வெளியிட வேண்டும் எனக் கேட்டுக்கொள்கிறேன். அம்பாறை, மட்டக்களப்பு மாவட்டங்களின் வர்த்தகர் சங்கங்கள் அதற்காகக் காத்திராமல் தாமே இதைத் தொடங்கினால் நாணயமாக வியாபாரம் செய்கின்ற கடைகளுக்கே அது நன்மை தரும்.

பற்றுச்சீட்டிலும் அதே விவரம் இருத்தல் வேண்டும். உதிர்ந்த தூளைப் பொலித்தீன் பையில் அள்ளிக்கொண்டு நான் அந்தக் கடைக்குப் போனபோது, காஷ்மீர் என்று தாம் ஒருபோதும் சொல்லவில்லை எனக் கடைக்காரர் மறுத்துவிட்டார். பற்றுச்சீட்டை எடுத்து நீட்டினேன். அதில் 'காபட் - 1' என்று மட்டுமே எழுதியிருந்தது.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மருதமுனை.