புதுக்குடி ஊராருக்கு, நாசரேத்திலிருந்து

ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனை ஒட்டிய புதுக்குடி ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் தம்பிமார்களுக்கும்,

கடிதம் எழுத உட்கார்ந்தால் 'கர்த்தருக்கு ஸ்தோத்திரம்' என்று தொடங்குவதுதான் எங்கள் வழக்கம். உங்களுக்கு எழுதுவதால் முதலில் வணக்கம். ஸ்தோத்திரமும் இருக்கிறது, அதைப் பிறகு சொல்கிறேன்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை. காலையில் ஆராதனை முடித்து, சாயங்காலம் மூட்டை கட்டி, நானும் என் வீட்டம்மாவும் இரவு நாசரேத்தில் திருச்செந்தூர் எக்ஸ்பிரஸ் ஏறினோம். தாம்பரத்தில் மகளுக்குப் பேறுகாலம். மழை காலையிலிருந்தே விடவில்லை. காயல்பட்டினத்தில் மட்டும் 95 சென்டிமீட்டர் என்று பின்னால்தான் தெரிந்தது. ஒரு வருஷ மழை ஒரே நாளில். ஆழ்வார்திருநகரி தாண்டி உங்கள் ஸ்டேஷனில் வண்டி நின்றது, நின்றதுதான்.

முதல் நன்றி அந்த ஸ்டேஷன் மாஸ்டருக்கு. வண்டியை அவர் மேலே போக விடவில்லை. ஏன் எடுக்கவில்லை என்று முணுமுணுத்தவர்களில் நானும் ஒருவன், ஒளிக்க விரும்பவில்லை. செய்துங்கநல்லூர் போகும் வழியில் ஜல்லியும் மண்ணும் அடித்துக்கொண்டு போய், தண்டவாளம் மட்டும் அந்தரத்தில் தொங்கிய படத்தைப் பிற்பாடு பார்த்தபோது என் கை நடுங்கியது. வண்டியில் இருந்தது ஏறக்குறைய 800 பேர்.

விடிந்து பார்த்தால் சுற்றிலும் தண்ணீர். கரண்ட் இல்லை, போனில் டவர் இல்லை. ஒரு கூட்டத்தைப் பக்கத்துப் பள்ளிக்கூடத்துக்கு முன்னமே அனுப்பியிருந்தார்கள். மீதி 500 பேர் போல ஸ்டேஷனில் மாட்டிக்கொண்டோம். எங்கள் பெட்டியில் பாதிப் பேர் திருச்செந்தூர் முருகனைக் கும்பிட்டுத் திரும்புகிறவர்கள். மகளுக்கென்று கொண்டுபோன முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் அந்தப் பிள்ளைகளுக்குக் காலைப் பலகாரம் ஆயின. கிறிஸ்துமஸ் எங்களுக்கு ஒரு வாரம் முந்தி வந்துவிட்டது.

வீட்டம்மாவுக்குச் சர்க்கரை. இன்சுலின் பையில் இருந்தது. போட்டால் சாப்பிட்டாக வேண்டும், சாப்பாடு எங்கே? போடாமல் எத்தனை நேரம் இருப்பது? கையில் மருந்தை வைத்துக்கொண்டு ஜெபம் பண்ணினேன். கோர்வையான ஜெபமெல்லாம் இல்லை, "ஆண்டவரே, ஒரு வாய்ச் சோறு" என்பதுதான்.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள், இடுப்பளவு தண்ணீரில், தலையில் அண்டாவோடு.

எங்கள் ஊர் அசனத்தில், அதாவது சபையின் பொது விருந்தில், இருபது வருஷம் விறகடுப்புப் பக்கம் நின்றவன் நான். எட்டுப் பேருக்கு ஒரு கிலோ அரிசி என்று கணக்கு. 500 பேர் என்றால் ஒருவேளைக்கே 60 கிலோவுக்கு மேல். நாங்கள் ஒரு மாதம் முன்பே வரி பிரித்து, லாரியில் சாமான் இறக்கிச் செய்கிற வேலை அது. நீங்களோ வீடுவீடாக அரிசி வாங்கி, மழைக்குள் கோயிலில் அடுப்பு மூட்டி ஆக்கினீர்கள். விறகு எப்படிக் காய்ந்திருந்தது என்பது இன்றைக்கும் எனக்குப் புரியவில்லை. உங்கள் வீடுகளிலும் தண்ணீர் ஏறியிருக்கும், உங்கள் பிள்ளைகளும் பசித்திருந்திருக்கும்.

இலையை வாங்கிவிட்டு வீட்டம்மா தயங்கினாள். கோயிலில் ஆக்கிய சோறு. எங்களில் பலர் படைத்ததைச் சாப்பிடுவதில்லை. பவுல் அப்போஸ்தலனே அதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். பரிமாறிய அம்மா, நாற்பது வயது இருக்கும், அவள் முகத்தைப் பார்த்தார்கள்.

"நெத்தியப் பாத்தாலே தெரியுது, வேதக்காரங்கன்னு. யோசிக்காதீங்கக்கா, இது படைச்சதில்ல. உலையில கொதிச்சது நேரா ஒங்களுக்குத்தான் வருது."

ஊரே முங்கிக் கிடக்கும்போது, முன்பின் தெரியாத ஒருத்தியின் மனச்சாட்சிக்கும் சேர்த்துப் பரிமாற ஒருவருக்குத் தோன்றியதே! எங்கள் பக்கத்து வீட்டு அக்கா ஒவ்வொரு கோயில் கொடை விழாவுக்கும் கொடுத்துவிடும் கொழுக்கட்டையைச் சிரித்தபடி வாங்கி, கொல்லையில் கோழிக்குப் போட்டவன் நான். அத்தனை வருஷமும் அந்த அக்காவின் மனசைப் பற்றி ஒருநாள்கூட நினைத்ததில்லை.

சோறும் சாம்பாரும்தான். 'கர்த்தர் நல்லவர் என்பதை ருசித்துப்பாருங்கள்' என்ற சங்கீதத்தை வாரந்தவறாமல் சொல்கிறவர்கள் நாங்கள். ருசி என்ற வார்த்தை அன்றைக்குத்தான் நாக்கில் பட்டது.

எலியா பஞ்சத்தில் தவித்தபோது தேவன் அவரை அனுப்பியது இஸ்ரவேல் வீட்டுக்கு அல்ல, சீதோனைச் சேர்ந்த சாறிபாத்தில் ஒரு விதவையிடம். பானையில் ஒரு பிடி மாவு வைத்திருந்தவள். இதை இயேசு எடுத்துச் சொன்னபோது கேட்டவர்களுக்குக் கோபம் வந்து, அவரை மலையிலிருந்து தள்ளிவிடப் பார்த்தார்கள். அது நடந்த ஊர் நாசரேத். எங்கள் ஊருக்கும் அதே பேர்!

செவ்வாய்க்கிழமை மீட்புப் படை வந்தது. தண்ணீருக்குள் நடத்திக் கூட்டிப்போய், பஸ் ஏற்றி, மணியாச்சியில் வேறு ரயிலில் அனுப்பினார்கள். நடக்க முடியாத என் வீட்டம்மாவைத் தாங்கிவந்த இரண்டு தம்பிகளின் பேர்கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன். தம்பிகளே, அவள் நன்றாக இருக்கிறாள். பேத்தி பிறந்துவிட்டாள்.

ஊர் திரும்பியதும் சபையில் சாட்சி சொல்லக் கூப்பிட்டார்கள். "கர்த்தர் எங்களைக் காப்பாற்றினார்" என்று ஆரம்பித்தேன். ஏரல் பக்கம் வீடும் கடையும் போய், உடுத்திய துணியோடு வந்திருந்த உறவுக்காரர் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். அதே மழையில் உயிரை விட்டவர்கள் எத்தனையோ பேர். எங்களை மட்டும் தேவன் பொறுக்கி எடுத்தார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த உறவுக்காரருக்குச் சொல்லப் பதில் என்னிடம் இல்லை. ஆகவே உங்களைப் பற்றி மட்டும் சொன்னேன், அந்த அண்டாவைப் பற்றி, அந்த அம்மா சொன்னதைப் பற்றி. சபைப் போதகரான ஐயரவர்கள் உட்பட யாரும் கோயில் சோற்றைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை.

உங்கள் ஊர்ச் சாமான் ஒன்று என்னிடம் இருக்கிறது. இரவுக்கு ரசம் ஊற்றித் தந்த எவர்சில்வர் தூக்குச்சட்டி. அடியில் 'மு. செ.' என்று வெட்டியிருக்கிறது. தண்ணீரில் நடந்தபோது வீட்டம்மா பையை விட்டாள், சட்டியை விடவில்லை. வெறும் சட்டியாகத் திருப்பித் தரக்கூடாது என்று முந்திரிக்கொத்துக்குப் பாசிப்பயறு வறுத்துக்கொண்டிருக்கிறாள். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும் கொண்டுவருகிறோம். மு. செ. வீடு எது என்று யாராவது ஸ்டேஷனில் நின்று காட்டினால் போதும்.