புராஜெக்டை ஒரு ராத்திரி ஓடவிட்டு மார்க் போடுங்கள்

எம்பெடெட் சிஸ்டம்ஸ் பாடமும் இறுதியாண்டு புராஜெக்டும் நடத்தும் பேராசிரியர்களுக்கு,

வணக்கம். புராஜெக்ட் ரிவியூவுக்கு வெளியாளாக அவ்வப்போது வந்து உட்காருகிறவன் நான். பேருந்து எங்கே வருகிறது என்று காட்டும் கருவி அநேகமாக எல்லா வருடமும் மேசைக்கு வந்துவிடும்: ஒரு அர்டுயினோ ஊனோ (சின்னக் கணினி போர்டு), ஒரு ஜிபிஎஸ் மாட்யூல், ஒரு எல்சிடி. ஐந்து நிமிடம் அழகாக ஓடும், மார்க் போட்டு அனுப்பிவிடுகிறோம். இரண்டு மணி நேரம் ஓடினால் என்ன ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. அதைக் கேளுங்கள் என்று சொல்லத்தான் இந்த மடல்.

ஊனோவில் இருக்கும் ஏடிமெகா328பி சிப்புக்கு ரேம் (ஓடும்போது தகவல் வைக்கும் நினைவகம்) 2048 பைட். வைவாவில் இந்த எண்ணை மாணவர்கள் டக்கென்று சொல்வார்கள். அது எவ்வளவு சின்ன இடம் என்பதுதான் பிடிபடுவதில்லை. கணினித் திரைக்கு எழுத்தை அனுப்பும் சீரியல் பிரிண்ட் கட்டளையில் மேற்கோள் குறிக்குள் எழுதும் செய்திகள், போர்டு ஆன் ஆனதும், புரோகிராம் தங்கும் ஃபிளாஷ் நினைவகத்திலிருந்து ரேமுக்குக் காப்பி ஆகிவிடும். 25 எழுத்துள்ள செய்தி 40 இருந்தால் பாதி ரேம் தீர்ந்துவிடும். செய்தியைச் சுற்றி எஃப் மேக்ரோ என்ற குறியீடு போட்டால் அவை ஃபிளாஷிலேயே தங்கும். ஒரு வகுப்பில் முடிகிற விஷயம் இது.

பைட்டுகள் பிட் பிட்டாக வந்து சேரும் சீரியல் பக்கம்தான் உண்மையான தொல்லை. 9600 பாட் (நொடிக்கு 9600 பிட்) வேகத்தில், ஸ்டார்ட் பிட், ஸ்டாப் பிட் சேர்த்து ஒரு பைட்டுக்கு 10 பிட். நொடிக்கு 960 பைட் வரலாம். ஊனோவில் வந்த பைட்டுகள் காத்திருக்கும் பஃபர் 64 பைட், அதிலும் 63தான் நிரம்பும். அதாவது சுமார் 66 மில்லி நொடிக்குள் எடுக்காவிட்டால் அடுத்து வருவதெல்லாம் தொலைந்துபோகும். ஜிபிஎஸ் மாட்யூலோ நொடிக்கு ஒருமுறை சில நூறு பைட்டைக் கொட்டுகிறது. நம் மாணவர்கள் எல்சிடி மினுங்காமல் இருக்க திரும்பத் திரும்ப ஓடும் லூப்பின் கடைசியில் ஒரு நொடி டிலே (சும்மா காத்திருக்கும் கட்டளை) வைத்திருப்பார்கள். விளைவு, ஜிபிஎஸ் அனுப்பும் ஒரு வரியின் தலையும் இன்னொரு வரியின் வாலும் ஒட்டிக்கொண்டு வரும். வரியின் முடிவில் நட்சத்திரக் குறிக்குப் பின்னால் செக்சம் (வரி சிதையாமல் வந்ததா என்று பார்க்க உதவும் எண்) இருக்கிறது. அதைச் சரிபார்த்திருந்தால் அந்த வரியைத் தூக்கி எறிந்திருக்கலாம். யாரும் சரிபார்ப்பதில்லை. வருவதையெல்லாம் படிக்கும் ரீட்ஸ்ட்ரிங் கட்டளையை மட்டும் போட்டவர் கதி இன்னும் மோசம்: அது ஒரு நொடி அமைதி கிடைக்கும்வரை படித்துக்கொண்டே இருக்கும், ஜிபிஎஸ் அந்த அமைதியைத் தரவே தராது. மாட்யூல் பழுது என்று புதிது வாங்கிவிடுவார்கள்.

அப்புறம் எழுத்துத் தொடரை வைக்கும் ஸ்ட்ரிங் கிளாஸ். எழுத்தெழுத்தாகச் சேர்க்கச் சேர்க்க ஹீப்பில் (ஓடும்போது கேட்டு வாங்கும் ரேம் பகுதி) ஓட்டை விழுகிறது. தொடர்ச்சியான இடம் கிடைக்காத அன்று சேர்ப்பது தோற்றுப்போகும். எர்ரர் எதுவும் வராது, எழுத்து மட்டும் காணாமல் போகும். கம்பைல் (புரோகிராமைச் சிப்புக்குப் புரியும்படி மாற்றுவது) முடிந்ததும் வரும் மெமரிக் கணக்கில் இந்த ஹீப்பும் கிடையாது, ஃபங்ஷன்கள் தற்காலிகமாகப் பயன்படுத்தும் ஸ்டேக்கும் கிடையாது. இரண்டும் எதிரெதிரே வளர்ந்து மோதினாலும் தடுக்க ஆள் இல்லை.

இதற்கு மாற்று ஒன்றும் பெரிய வித்தை இல்லை. ஜிபிஎஸ் வரி அதிகபட்சம் 82 எழுத்து. 83 பைட்டில் ஒரு கேரக்டர் அரே (எழுத்துகளுக்கான நிலையான வரிசை), அதில் அடுத்த இடத்தைக் காட்டும் ஒரு இண்டெக்ஸ். வந்த பைட்டை உடனே எடுத்து அதில் போடு. வரி முடிந்தால் செக்சம் பார். இடம் தீர்ந்தால் அடுத்த வரி தொடங்கும்வரை எல்லாவற்றையும் விடு. டிலேக்குப் பதில், நிற்காமல் நேரம் பார்க்கும் மில்லிஸ். இந்த 83 பைட் கம்பைலர் கணக்கிலும் தெரியும்.

ரேம் அதிகமுள்ள இஎஸ்பி32 போர்டு வாங்கச் சொன்னால் போதுமே என்பீர்கள். அதில் 520 கிலோபைட் ரேம் உண்டு, சரிதான். ஆனால் பஃபரை நேரத்துக்குக் காலி செய்யாத புரோகிராம் அதிலும் பைட்டைத் தவறவிடத்தான் செய்யும்.

ஆகவே ரிவியூவில் இரண்டு மாற்றம் கேட்கிறேன். வைவாவில் ரேம் எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, பஃபர் நிரம்பினால் உன் புரோகிராம் என்ன செய்யும் என்று கேளுங்கள். கருவியை முந்தின நாள் மாலையே வாங்கி லேபில் ஓடவிட்டுவிடுங்கள். கூரைக்குக் கீழே சிக்னல் கிடைக்காவிட்டாலும் மாட்யூல் வரிகளை அனுப்பிக்கொண்டுதான் இருக்கும், சோதனைக்கு அது போதும். காலையில் ஓடிக்கொண்டிருப்பவற்றுக்கு முதலில் மார்க் போடலாம்.

இப்படிக்கு,
ஒரு ஃபர்ம்வேர் ஊழியன்